இத்தாலி ராணியா, நம்மூர்த் தேனீயா?

நோன்புப் பெருநாளைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கட்டாரிலிருந்து என் மச்சினன் தொலைபேசி எடுத்தார். பதினொரு வருடம் அங்கே உழைத்தவர். இனி ஊரோடு இருந்து ஏதாவது தொழில் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு.

"மச்சான், தேன் பெட்டி போடுவமெண்டு யோசிக்கன். இங்க ஒரு மிஸ்ரிக்காரர் இத்தாலி ராணி தாறன் எண்டு சொல்றார். நெருப்புப் பெட்டி மாதிரிச் சின்னக் கூடுதான். வரக்குள்ள பேக்குக்குள்ள வெச்சு நாலஞ்சு கொண்டு வந்தா என்ன?"

"வேண்டாம் தம்பி" என்றேன்.

"ஏன் மச்சான்? நம்மட பூச்சி வருசத்துக்கு ரெண்டு போத்தல்தான் தருது. அது ஒரு பெட்டியில வாளிக்கணக்காத் தருமாம். கொத்தவும் மாட்டுதாம்."

ஏன் வேண்டாம் என்பதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க என்னால் இயலவில்லை. அவருக்கு எழுதிய பதிலையே சற்று விரித்து இந்த வாரம் இங்கே தருகிறேன். அவரைப் போலக் கையில் கொஞ்சம் முதலை வைத்துக்கொண்டு தேனீ வளர்ப்பைப் பற்றி விசாரிப்போர் அக்கரைப்பற்றிலிருந்து மருதமுனை வரை இன்று பலர் இருக்கிறார்கள். கேட்கும் கேள்வியும் ஏறத்தாழ ஒன்றுதான்: வெளிநாட்டு இனத்தைக் கொண்டு வந்தால் என்ன?

தேனுக்கு எமது பகுதியில் கேள்வி குறைவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். சூரத்துன் நஹ்லை ஓதி வளர்ந்த சமூகம் நாம். பிள்ளைப்பேற்று வீட்டிலும் யூனானி மருந்துக் கடையிலும் நோன்பு காலத்திலும் தேன் இல்லாமல் முடியாது. ஆனால் கல்முனைக் கடைத்தெருவில் ஒருவர் போத்தலைத் தூக்கி "இது அசல்தானா?" என்று கேட்காமல் வாங்குவதை நான் பார்த்ததில்லை. சீனிப்பாகும் கருப்பட்டிப் பாணியும் கலந்தவர்கள் அந்த நம்பிக்கையைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். ஆகவே கண்முன் பெட்டியைத் திறந்து, வதையைக் காட்டி, தேனை எடுத்துக் கொடுக்கக் கூடியவருக்கு இங்கே வியாபாரம் இருக்கிறது. மச்சினனின் கணக்கு அந்த அளவில் சரியானது. பிழைத்த இடம் ராணி.

இத்தாலித் தேனீ என்று நாம் சொல்வது ஏபிஸ் மெலிபெரா என்ற ஐரோப்பிய, ஆபிரிக்க, மத்திய கிழக்குத் தேனீயின் ஒரு வகை. நம்மூரில் தென்னம் பொந்திலும் புற்றிலும் சுவர் ஓட்டையிலும் அடுக்கடுக்காக வதை கட்டும் தேனீ ஏபிஸ் செரானா. இது தவிர மரக்கிளையில் ஒற்றை வதை கட்டும் சின்னக் கொம்புத்தேனீயும், சிங்களத்தில் பம்பர என்று சொல்லப்படும் பெருந்தேனீயும், கொட்டத் தெரியாத கொசுத்தேனீயும் இந்நாட்டில் உண்டு. சீகிரியாவில் உல்லாசப் பயணிகளை விரட்டுவது பெருந்தேனீ. அதைப் பெட்டியில் வைக்க முடியாது. பெட்டித் தொழிலுக்கு ஆவது செரானா ஒன்றுதான்.

பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். எமது பகுதியில் மாடு வளர்ப்போருக்கு ஜேர்சிக் கலப்பு தெரியும். நாட்டுப் பசுவுக்கு ஜேர்சி ஊசி போட்டால் கன்று பிறக்கிறது, பால் கூடுகிறது. அதே கணக்கைத் தேனீக்கும் போடுகிறார்கள். ஆனால் இத்தாலித் தேனீயும் நம்முடைய தேனீயும் ஜேர்சியும் நாட்டுப் பசுவும் போன்றவையல்ல, பசுவும் எருமையும் போன்றவை. இரண்டும் வேறு வேறு இனங்கள். இத்தாலி ராணியை நம்மூர்ப் பெட்டிக்குள் விட்டால் உள்ளே இருக்கும் வேலைக்காரத் தேனீக்கள் அவளை ராணியாக ஏற்கமாட்டா. இரண்டுக்கும் இடையில் புணர்ச்சி நடந்தாலும் அந்த முட்டைகளிலிருந்து கலப்பினக் குஞ்சு பிழைத்து வருவதில்லை. அதனால் நாலு ராணியை மட்டும் பைக்குள் வைத்துக் கொண்டு வருவதில் பயன் எதுவுமில்லை. கொண்டுவருவதென்றால் முழுக் கூட்டத்தையும் கொண்டுவர வேண்டும்.

பெட்டியும் வேறு. நம்முடைய தேனீ ஒரு வதைக்கும் அடுத்த வதைக்கும் நடுவிலிருந்து நடுவுக்கு ஒண்ணேகால் அங்குலம் விட்டுக் கட்டும். இத்தாலிக்கு ஒண்ணரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக வேண்டும். வளைகுடாவில் விற்கும் பெரிய பெட்டியை வாங்கி வந்து நம்முடைய பூச்சியைக் குடிவைத்தால் சட்டத்தை விட்டுவிட்டுக் குறுக்கே வதை கட்டும். தென்னிந்தியாவில் நியூட்டன் என்ற பாதிரியார் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நாட்டுத் தேனீக்கென்றே சிறிய பெட்டியொன்றை வடிவமைத்தார். நியூட்டன் பெட்டி என்று அவர் பெயராலேயே வழங்கும் அது நம்முடைய தேனீயின் உடம்புக்கு அளவான சட்டை.

இத்தாலித் தேனீயின் பெருமை பொய்யல்ல. இந்தியாவில் 1962ஆம் ஆண்டு, அன்றைய பஞ்சாபின் நக்ரோட்டா பக்வான் என்ற ஊரில் பேராசிரியர் அட்வாலும் அவரது குழுவினரும் அதை நிலைபெறச் செய்தார்கள். வடஇந்தியாவில் இன்று ஒரு பெட்டியில் முப்பது, நாற்பது கிலோ எடுப்பவர்கள் உண்டு. நாட்டுத் தேனீயில் ஐந்து முதல் பத்துக் கிலோ கிடைத்தால் நல்ல அறுவடை. சுபாவமும் அமைதிதான். சட்டத்தைத் தூக்கினால் வதையிலேயே நிற்கும். நம்முடையது ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஓடும், கொத்தாகத் தொங்கும், சிலவேளை "ஸ்ஸ்" என்று ஒருசேரச் சத்தமிடும்.

ஆனால் அந்த நாற்பது கிலோ எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். பஞ்சாபில் கண்ணுக்கெட்டிய தூரம் கடுகு பூக்கிறது. கடுகு முடிந்ததும் பெட்டிகளை லொறியில் ஏற்றி அடுத்த பூவைத் தேடி இன்னொரு மாநிலத்துக்குப் போகிறார்கள். பூவில்லாத மாதங்களில் சீனிக்கரைசல் ஊட்டுகிறார்கள். உண்ணிக்கு மருந்து வைக்கிறார்கள். ஐம்பதாயிரம் வாயுள்ள குடும்பத்துக்கு அதற்கேற்ற சாப்பாடு வேண்டும். பாலமுனையிலிருந்து மேற்கே பார்த்தால் என்ன தெரிகிறது? நெல். நெல்லில் தேன் இல்லை. அத்துடன் போகத்துக்குப் பலமுறை கிருமிநாசினி. கரையோரமாகத் தென்னை, வளவுகளில் முருங்கை, வேம்பு, புளி, ஆற்றோரமாகக் கண்டல், மேற்கே காட்டுப்பக்கம் போனால் பாலையும் வீரையும். இது சிறு குடும்பத்துக்கான சாப்பாடு. சில்லறைக் கடை நடத்தும் இடத்தில் சுப்பர் மார்க்கட் திறந்தால் என்ன நடக்குமோ அதுதான் நடக்கும்.

உண்ணியைப் பற்றிச் சொன்னேன். வரோவா என்ற அந்தச் செவ்வுண்ணி முதலில் நம்முடைய ஆசியத் தேனீயின் மேல் வாழ்ந்ததுதான். நம்முடைய தேனீ அதனுடன் நெடுங்காலம் பழகிவிட்டது. ஒன்றையொன்று துப்புரவு செய்து உண்ணியைக் கடித்து எறியும், உண்ணியும் பெரும்பாலும் ஆண் குஞ்சுகளின் அறைகளில் மட்டும்தான் பெருகும். இத்தாலித் தேனீக்கு அந்தப் பழக்கம் போதாது. கடந்த நூற்றாண்டில் ஆசியாவிலிருந்து பரவிய இந்த உண்ணி உலகின் பெரும்பகுதியில் மேலைத்தேனீயை அழித்தது. கடைசி வரை தப்பி நின்ற அவுஸ்திரேலியாவிலும் 2022இல் நியூகாசில் துறைமுகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. பெட்டிகளை எரித்துப் பார்த்தார்கள். 2023இல் ஒழிக்கும் முயற்சியைக் கைவிட்டார்கள். அப்படியானால் இத்தாலித் தேனீயை இங்கே கொண்டுவருவது உண்ணி பிறந்த வீட்டுக்கே அதைச் சம்பந்தம் செய்து கொடுப்பது போலத்தான்.

இப்போது விடயத்தின் நடுவுக்கு வருகிறேன். மாடு, ஆடு, கோழி எதுவானாலும் எந்தக் கிடாயுடன் எதைச் சேர்ப்பது என்பது உரிமையாளரின் கையில் இருக்கிறது. தேனீயில் அது இல்லை. ராணி தன் வாழ்வின் தொடக்கத்தில் ஓரிரு வாரம் மட்டும் வெளியே பறந்து போவாள். ஆகாயத்தில் பத்துக்கும் மேற்பட்ட ஆண் தேனீக்களுடன் சேர்வாள். அந்த விந்தை வயிற்றில் சேமித்து வைத்து ஆயுள் முழுக்க முட்டையிடுவாள். அந்த ஆண்கள் உங்களுடைய பெட்டியைச் சேர்ந்தவையாகவும் இருக்கலாம், ஒலுவில் தென்னந்தோப்புப் பொந்திலிருந்து வந்தவையாகவும் இருக்கலாம். எனவே நீங்கள் விலைகொடுத்து வாங்கும் ராணியில் பாதிதான் உங்களுடையது. மறுபாதியை ஊர் தருகிறது.

இதில் அல்லாஹ்வின் ஏற்பாடு ஒன்றைப் பார்க்க வேண்டும். 1976ஆம் ஆண்டு கொனிகர் என்ற ஜேர்மன் ஆய்வாளரும் எமது நாட்டு ஆய்வாளர் விஜயகுணசேகரவும் இலங்கையில் செய்த ஆய்வு ஒன்று உலகத் தேனீ நூல்களிலெல்லாம் சொல்லப்படுகிறது. மூன்று வகைத் தேனீயிலும் ஆண்கள் எந்நேரம் பறக்கின்றன என்று மணிக்கூட்டை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். கொம்புத்தேனீயின் ஆண்கள் நண்பகல் பன்னிரண்டு முதல் இரண்டரை வரை. பொந்துத் தேனீ மாலை நாலேகால் முதல் ஐந்தேகால் வரை. பெருந்தேனீ ஆறு மணிக்குப் பின் இருள் கவியும் நேரம். நமது கணக்கில் சொன்னால் ஒன்றுக்கு லுஹர், ஒன்றுக்கு அஸருக்குப் பின், ஒன்றுக்கு மஃரிப். மூன்று இனத்து ராணிகளின் வாசனையும் ஒன்றையொன்று ஒத்தது. அதனால்தான் நேரம் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் தெருவில் இறங்கும்போது மற்றவர் வீட்டில்.

இத்தாலித் தேனீ இந்த நேரசூசிக்குள் அடங்காத விருந்தாளி. அதன் ஆண்கள் பிற்பகல் நெடுகிலும் பறக்கும். நம்முடைய ராணி வெளியே வரும் நேரத்தில் அவையும் அங்கே நிற்கும். ஒரே வாசனை என்பதால் துரத்தும். சேர்ந்தாலும் பயனில்லை, சேராமல் குழப்பினாலும் நட்டம்தான். பூவில்லாத காலத்தில் பலமான இத்தாலிக் கூட்டம் பக்கத்திலுள்ள சிறிய நாட்டுக் கூட்டத்தைக் கொள்ளையடிக்கும் வழக்கமும் உண்டு. சீனாவுக்கு மேலைத்தேனீ வந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில். அதன் பின் அந்நாட்டின் சொந்தத் தேனீ பரந்த சமவெளிகளை விட்டு மலைகளுக்கு ஒதுங்கியதை அவர்களுடைய ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

ஜப்பானில் வேறு கதை. 1877இல் மேலைத்தேனீயை இறக்கினார்கள். பெட்டியில் நன்றாக வளர்ந்தது, ஆனால் காட்டில் அதனால் தனியாக நிலைக்க முடியவில்லை. காரணம் அங்குள்ள இராட்சதக் குளவி. ஜப்பானின் நாட்டுத் தேனீ, நம்முடையதன் சகோதரி, குளவி உள்ளே வந்தால் நூற்றுக்கணக்கில் மேலே விழுந்து உருண்டையாகச் சூழ்ந்து உடம்பை நடுக்கிச் சூடேற்றும். உருண்டையின் நடுவில் 46, 47 பாகை செல்சியஸ் வரை ஏறும். குளவி வெந்து சாகும், தேனீக்கள் பிழைக்கும். மேலைத்தேனீ அப்படி உருண்டை கட்டப் பழகவில்லை. ஒவ்வொன்றாக எதிர்த்துப் போய்ச் செத்துவிழும்.

"அரபு நாட்டிலேயே வெளிநாட்டுத் தேனீதானே மச்சான் வளர்க்கிறாங்க" என்றார் மச்சினன். உண்மைதான், அதையும் முழுதாகப் பார்ப்போம். சவூதி, யெமன் பக்கத்துச் சொந்தத் தேனீயும் மெலிபெராதான், ஆனால் பாலைவனத்து வகை. உருவம் சிறியது, வெயில் தாங்கும். சித்ர் தேனின் பெயர் பழங்காலத்திலிருந்து அதனால் வந்தது. சித்ர் என்பது நம்மூர் இலந்தையின் உறவு. தேனுக்குக் கேள்வி கூடியபோது எகிப்திலிருந்து கூட்டங்களைப் பொதிகளில் இறக்குமதி செய்தார்கள். அவை நல்ல காலத்தில் வேலை செய்யும், கோடை வெயிலில் பெருமளவில் அழியும், அடுத்த வருடம் மீண்டும் வாங்க வேண்டும். விற்பவருக்கு இது நிரந்தர வாடிக்கை. மச்சினனுக்கு ராணி தருவதாகச் சொல்லும் மிஸ்ரிக்காரர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவருடைய நாட்டிலேயே பிர்அவ்ன் காலத்துத் தேனீ இன்று பெரும்பாலும் கலந்துபோய், அசியூத் பக்கத்தில் தேடிப் பார்க்க வேண்டிய நிலையில் இருக்கிறது. இங்கே இரண்டும் ஒரே இனம் என்பதால் ஜேர்சிக் கலப்பு போலக் கலப்பு நடந்தது. ஆகாயத்தில் நடந்த கலப்பைத் திருப்பி எடுக்க எவராலும் முடியவில்லை.

கலப்பு பிழைத்தால் எவ்வளவு தூரம் பிழைக்கும் என்பதற்குப் பிரேசிலைச் சொல்வார்கள். 1956இல் அதிக தேனுக்காக ஆபிரிக்காவிலிருந்து ராணிகளைக் கொண்டுவந்தார் வார்விக் கேர் என்ற விஞ்ஞானி. மறு வருடம் 26 ராணிகள் கூட்டத்துடன் தப்பிப் போயின. அவற்றின் வழிவந்த மூர்க்கமான கலப்புத் தேனீ 1990இல் அமெரிக்காவின் டெக்சாஸ் எல்லையைத் தாண்டியது. திறமை குறைந்தவர் செய்த காரியமல்ல அது. கேர் தேர்ந்த மரபியல் அறிஞர்.

நம்முடைய தேனீயே வேறு நாட்டில் கள்ளக் குடியேறியாக இருப்பதும் உண்டு. 2007இல் அவுஸ்திரேலியாவின் கேர்ன்ஸ் நகரில் ஆசியத் தேனீ கண்டுபிடிக்கப்பட்டது. நான்கு வருடம் ஒழிக்கப் பார்த்துவிட்டு 2011இல் இயலாது என்றார்கள். அங்கே அது பீடை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை அறியாமல் எவரும் கட்டுநாயக்கவில் மாட்டிக்கொள்ளக் கூடாது. உயிருள்ள பூச்சி எதையும் அனுமதிப்பத்திரமின்றி நாட்டுக்குள் கொண்டுவர முடியாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, விமான நிலையத்துக்கு அண்மையிலேயே தாவரத் தனிமைப்படுத்தல் சேவையும் இருக்கிறது. பையிலுள்ள ராணி பிடிபட்டால் நட்டம் ராணியோடு நிற்காது. பிடிபடாமல் வந்து அதன் பெட்டியில் ஒரு குஞ்சழுகல் நோய் இருந்தால் நட்டம் ஊருக்கெல்லாம்.

"அப்ப மலைநாட்டுப் பூச்சியாவது வாங்குவமா? அது பெரிசாம், தேனும் கூடவாம்" என்று அடுத்த கேள்வி வந்தது. இதற்கு நூலைப் பார்க்க வேண்டியதில்லை. நானே செய்த பிழை இது.

சில வருடங்களுக்கு முன் மலைநாட்டுப் பக்கத்திலிருந்து ஒருவரிடம் நான்கு பெட்டி வாங்கினேன். ஒவ்வொன்றும் ஒரு நல்ல ஆட்டுக்கிடாயின் விலை. குளிரில் வளர்ந்த, கறுத்த, சற்றுப் பருத்த தேனீ. செரானாவிலேயே மலைவகை, சமவெளிவகை என்று இரண்டு உண்டு என்பது இந்தியாவில் வளர்ப்போர் எல்லோரும் அறிந்தது. எனக்கு அன்று தெரியாது. ஆடி மாதக் கச்சானில் மூன்றாவது பெட்டி காலி. வாசலில் நின்று பார்க்கிறேன், கரும்புகை போல எழும்பி மேற்கே போய்விட்டது. ஐப்பசி மழை பிடித்து இரண்டு வாரம் பூவுக்குப் போக முடியாமல் கிடந்தபோது இன்னும் இரண்டு போயின. நான்காவதைப் பட்டாம்பூச்சிப் புழு தின்றது. விற்றவரைக் கேட்டேன். "தேனீ பறக்கிற சாமான் காக்கா, அதுக்கு நான் கரண்டி போடலாமா?" என்றார். பில் இல்லை, உத்தரவாதம் இல்லை. வியாபாரியான எனக்கு அந்தப் பதில் கோபத்தை விட வெட்கத்தைத்தான் தந்தது.

கூட்டோடு ஓடிப்போவதுதான் நம்முடைய தேனீயின் பெரிய குறை, இதை மறைக்க வேண்டியதில்லை. எறும்பு ஏறினால் ஓடும், பசித்தால் ஓடும், அடிக்கடி திறந்தால் ஓடும், தேன் முழுவதையும் வழித்தெடுத்தால் அடுத்த நாளே ஓடும். பிசின் பூசி வெடிப்புகளை அடைக்கும் வழக்கமும் அதற்கில்லை. எனவே பலகை இடைவெளிகளால் மெழுகுப்புழு நுழைகிறது. கொட்டுவதில் சாது, குடியிருப்பதில் முன்கோபி. இந்த ஊர்ச் சூட்டுக்கும் இந்த ஊர் மழைக்கும் ஓடாமல் பழகிய கூட்டமே நமக்கு வேண்டும். அது எங்கே கிடைக்கும்? இந்த ஊரில்தான்.

அடுத்த மாசியில் நான் காசுக்கு வாங்கவில்லை. சிங்களக் கிராமங்களில் மண்முட்டிக்குள் தேன்மெழுகு தடவி மரத்தில் கட்டி வைப்பார்கள். அதைப் பார்த்து ஐந்து முட்டி கட்டினேன். இரண்டில் குடிவந்தன. ஒன்றை உறவினர் வீட்டுப் பழைய தண்ணீர்த் தாங்கியின் கீழிருந்து வெட்டியெடுத்தேன். அந்த மூன்றிலிருந்து இன்று பெருகி நிற்பவைதான் வளவிலுள்ள பெட்டிகள். குசினிக்கு இருபதடி தூரம். பேரப்பிள்ளைகள் அந்த வழியாகத்தான் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போய் வருகிறார்கள்.

இனப்பெருக்கம் என்பது பெரிய ஆய்வுகூட வேலை என்று நினைக்க வேண்டாம். ஒரு கொப்பி போதும். பெட்டிக்கு இலக்கம் போட்டு நான் நாலு விடயம் எழுதுகிறேன்: திறந்தபோது எத்தனை கொட்டு, கடந்த மழையில் நின்றதா, வருடத்தில் எத்தனை தரம் பிரிந்து பறந்தது, எத்தனை போத்தல். இரண்டு வருடத்தில் எது குடியிருக்கும் குடும்பம், எது நாடோடி என்று கொப்பியே சொல்லிவிடும்.

இங்கே எல்லோரும் விடும் பிழை ஒன்று. கூட்டம் பிரியும் காலத்தில் வதையின் அடிவிளிம்பில் ராணி அறைகள் தொங்கும். எதில் அதிகம் தொங்குகிறதோ அதிலிருந்து வெட்டிப் புதுப்பெட்டி வைக்கிறார்கள். அதிகம் தொங்குவது அடிக்கடி பிரிந்து ஓடும் பெட்டியில்தானே. அப்படி ஐந்து வருடம் செய்தவர் தன்னை அறியாமலேயே ஓடும் பழக்கத்தைத் தெரிந்தெடுத்து வளர்த்திருக்கிறார். நின்று நிலைத்த, சாதுவான பெட்டியை இரண்டாகப் பிரித்து, ராணி இல்லாத பாதியைப் புதுமுட்டையிலிருந்து தானே ராணி எழுப்ப விடுங்கள். முட்டையும் இளங்குஞ்சும் இருப்பது கட்டாயம். ராணியில்லாமல் நாள் கடந்தால் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிடும், பிறகு அந்தப் பெட்டி தேறாது.

ஆகாயத்துப் பாதியையும் ஓரளவு நம் பக்கம் திருப்பலாம். நம்முடைய ஆண் தேனீயின் அறை மூடியில் ஊசி குத்தியது போல ஒரு சிறு துளை இருக்கும். கண்ணால் அடையாளம் காண இலகு. கொட்டும் குணமுள்ள பெட்டியில் அந்த அறைகளை வெட்டியெறிகிறேன். நல்ல பெட்டியில் வளர விடுகிறேன். பக்கத்து வளவுக்காரரும் அப்படிச் செய்தால் அஸருக்குப் பின் ஆகாயத்தில் நல்ல ஆண்களின் எண்ணிக்கை கூடும். ஒருவர் தனியாகச் செய்ய முடியாத வேலை இது. பாலமுனையில் நாலு பேர், ஒலுவிலில் நாலு பேர், அட்டாளைச்சேனையில் நாலு பேர் சேர்ந்தால் முடியும்.

மறுபக்கமும் உண்டு. பத்துப் பெட்டியையும் ஒரே தாயிடமிருந்து பெருக்கி, பக்கத்தில் வேறு கூட்டமும் இல்லையென்றால் இரத்தம் நெருங்கிவிடும். முட்டைகளில் ஒரு பங்கு வளர்ச்சியில்லாத ஆண்களாகத் திரும்பும், அவற்றை வேலைக்காரத் தேனீக்களே தின்றுவிடும். குஞ்சு வதை பல் விழுந்த வாய் போல ஓட்டை ஓட்டையாகத் தெரியும். அப்படிக் கண்டால் புதிதாக முட்டி கட்டிக் காட்டுக் கூட்டமொன்றைச் சேர்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

மார்த்தாண்டத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கன்னியாகுமரி மாவட்டத்து ஊர் அது, நம்முடைய அதே தேனீயை வைத்துத் தொழில் செய்யும் ஊர். கடந்த நூற்றாண்டின் இருபதுகளிலிருந்து வை.எம்.சீ.ஏ.யின் ஸ்பென்சர் ஹட்ச் என்பவர் அங்கே கிராம மேம்பாட்டு வேலை செய்து தேனீ வளர்ப்பைப் பரப்பினார். 1991, 92ஆம் ஆண்டுகளில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் கேரளத்திலும் தமிழ்நாட்டின் தெற்கிலும் நாட்டுத் தேனீயை ஏறத்தாழத் துடைத்தெறிந்தது. வளர்ப்போர் பலர் கடனாளியானார்கள். அந்த நட்டத்தில்தான் தென்பகுதியில் பலர் இத்தாலித் தேனீக்கு மாறினார்கள், அது அவர்கள் குற்றமல்ல. ஆனால் நோயில் தப்பி நின்ற சில நாட்டுக் கூட்டங்களும் இருந்தன. அவற்றைப் பெருக்கிப் பெருக்கித்தான் தொழில் மீண்டது. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாட்டுத் தேனீக்கும் நோய் வரும், அப்போது காப்பது பலவிதமான கூட்டங்கள் இருப்பதுதான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மச்சினனுடைய கணக்குக்கு வருகிறேன். பத்து நாட்டுப் பெட்டி, பெட்டிக்கு ஐந்து கிலோ என்று குறைத்தே வைத்தாலும் ஐம்பது கிலோ. இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். கடையோடு சேர்ந்த இன்னொரு வருமானமாக நடத்தலாம். பெட்டி செய்து விற்கலாம், குடிவைத்த கூட்டத்தை விற்கலாம், பழத்தோட்டக்காரருக்குப் பூக்காலத்தில் வாடகைக்கும் கொடுக்கலாம். பயிற்சிக்குப் பண்டாரவளை பிந்துனுவெவயில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இருக்கிறது. செலவில் மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் ஒன்றுதான், பெட்டியின் கால். நாலு காலையும் பழைய என்ஜின் ஒயில் ஊற்றிய பேணிகளில் நிறுத்துங்கள். எறும்பு ஏறிய ஒரு இரவில் ஒரு வருட உழைப்பு போய்விடும்.

தேன் எடுப்பதில் அவசரம் வேண்டாம். நம்மூர் ஈரக்காற்றில் மூடாத அறைத் தேன் தண்ணியாக இருக்கும், போத்தலில் நுரைத்துப் புளிக்கும். உலக நியமப்படி ஈரம் நூற்றுக்கு இருபதைத் தாண்டக் கூடாது. வதையின் பெரும்பகுதி மெழுகால் மூடிய பின் எடுத்தால் அந்தத் தொல்லை குறையும். புளித்த ஒரு போத்தலுக்காக "இவன்ட தேன் அசல் இல்ல" என்ற பெயர் வாங்கினால் அதைக் கழுவ எந்தத் தேனும் போதாது. ஸகாத் பற்றியும் கேட்டார். ஷாபிஈ மத்ஹபில் தேனுக்கென்று தனியாக ஸகாத் இல்லை என்பதும், வியாபாரப் பொருளாக இருப்பு வைத்தால் வியாபாரக் கணக்கில் சேரும் என்பதும் நான் ஓதிக் கேட்ட அளவு. விபரத்தை ஊர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு பழைய விடயம் நினைவுக்கு வருகிறது. 1880, 81ஆம் ஆண்டுகளில் கனடாவைச் சேர்ந்த ஜோன்ஸ் என்ற தேன் வியாபாரியும் பிராங்க் பென்டன் என்ற அமெரிக்கரும் உலகின் சிறந்த தேனீயைத் தேடிப் புறப்பட்டார்கள். சைப்பிரஸ் தீவின் தேனீயை எடுத்துப் போனார்கள். தேன் நன்றாகத் தந்தது, குணமோ பொல்லாதது, பிறகு பலர் கைவிட்டார்கள். பென்டன் இலங்கை, இந்தியா, ஜாவா வரை வந்தார். நம்முடைய பெருந்தேனீயைப் பிடித்துப் பெட்டியில் அடைத்து மேலைநாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் ஆசை. அது பலிக்கவில்லை, காய்ச்சலில் விழுந்து வெறுங்கையோடு திரும்பினார். நூற்று நாற்பது வருடத்துக்கு முன் அவர் இங்கிருந்து கொண்டுபோகப் பார்த்தார், இன்று என் மச்சினன் அங்கிருந்து கொண்டுவரப் பார்க்கிறார்.

பதிலைப் படித்துவிட்டு மச்சினன் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் குரல் செய்தி வந்தது. "சரி மச்சான், ராணி வேணாம். ஆனா நீங்க சொன்ன அந்த முட்டி எத்தின கட்டணும், எந்தப் பக்கம் பாத்துக் கட்டணும்?" மாசிக்கு முன் பன்னிரண்டு முட்டி சம்மாந்துறைக் குயவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வாயகலம் குறைந்ததாக, உள்ளே எண்ணெய் படாததாக. ஆறு இங்கே, மீதி ஆறும் மேற்கே இறக்காமத்துப் பக்கம், காட்டோரமாக.